செக் இன்ஜின் விளக்கு யாருக்காக எரிகிறது?

பழைய ஷெவர்லே பிக்கப்பில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால், அது ஓட்டுநருக்கான எச்சரிக்கை என்றுதான் நினைப்போம். பூர்வீகம் வேறு. லாஸ் ஏஞ்சலஸின் நச்சுப்புகை மூட்டத்துக்கு வாகனப் புகை ஒரு முக்கியக் காரணம் என்று 1950-களில் காட்டியவர் கால்டெக் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். அந்தத் தொடர்ச்சியில்தான் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் 1988 மாடல் முதல் இந்த விளக்கைக் கட்டாயமாக்கியது.

அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர்கூட வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழே 12 பின் சாக்கெட் இருக்கும். அதில் ஏ, பி இரண்டையும் கம்பித்துண்டால் இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு மினுக்கும். ஒன்று, சின்ன இடைவெளி, இரண்டு. அதாவது 12. கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கு என்று அர்த்தம்! (எங்கள் தொழிலின் 'ஹலோ வேர்ல்டு' மாதிரி.)

அடுத்து 44 வந்தால் பலரும் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். வீண் செலவாகலாம். சென்சார் வோல்டேஜ் தாழ்ந்தே கிடக்கு, புகையில் ஆக்ஸிஜன் அதிகமாகத் தெரியுது; 44 சொல்வது இவ்வளவுதான். பெட்ரோல் அழுத்தம் குறைந்தாலும் 44. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் விரிசல் விட்டு வெளிக்காற்று புகுந்தாலும் அதே 44.

1996-ல் 16 பின் ஓபிடி-2 வந்ததும் கம்பித்துண்டுக்கு வேலை போச்சு. ஆனால் ஸ்கேனர் 'பி0171' என்று காட்டினாலும், காசை எடுக்கும் முன் அந்த விரிசலைத் தேடிப் பார்க்கணும்.