ஒதுக்கப்பட்டோரும் மதுச்சாலையும்: ஓர் அமெரிக்கச் சரித்திரம்

1908ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மனோதத்துவ வைத்தியர் கார்ல் ஆபிரகாம் என்பார், குடிக்கும் காமத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். ஆடவர் கூடிக் குடித்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு முத்தமிடுவதற்குக் காரணம், அவர்தம் உள்ளத்தே அடங்கிக் கிடந்த தன்பால் விழைவு மது உண்டவுடன் வெளிப்படுவதே என்பது அவர் கொண்ட முடிபு. அவர் வழிவந்த வைத்தியர் சிலர் இன்னும் ஒருபடி சென்று, குடியனெல்லாம் மறைவில் தன்பால் விழைவோனே என எழுதி வந்தனர்.

நேயர்களே, ஆணை விழையும் ஆணும், பெண்ணை விழையும் பெண்ணும், திருநங்கை திருநம்பியரும் ஏனையோரினும் மிகுதியாகக் குடிக்கும் போதைப்பொருளுக்கும் ஆட்படுகின்றனர் என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளிலும் காணப்படும் செய்தி. அஃது எங்ஙனம் நேர்ந்தது? பிறவிக் கோளாறு என்றனர் ஒரு சாரார். பாபத்தின் சம்பளம் என்றனர் மற்றொரு சாரார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் சரித்திரத்தைப் புரட்டுவோர்க்கு வேறு விடை கிடைக்கின்றது.

அந்நாட்டில் 1920 ஜனவரியில் தொடங்கிய மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கிற்று. கடை வைக்க லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரத்தை ராஜ்யங்கள் தத்தம் கையில் வைத்துக்கொண்டன. நியூயார்க்கில் 1934இல் அமைந்த மது அதிகார சபை, ஒழுங்கீனமான கடைக்கு லைசென்ஸ் இல்லை என்ற விதியைக் கைக்கொண்டது. ஒழுங்கீனமாவது யாது? சண்டையன்று, கூச்சலன்று, தன்பால் விழைவோர் வந்து அமைதியாக அமர்ந்திருப்பதே ஒழுங்கீனம் எனக் கொண்டு கடைகளை மூடுவித்தனர். கலிபோர்னியாவிலோ, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் ‘பிளாக் காட்’ என்னும் மதுச்சாலையின் உரிமையாளர் ஸ்டூமன் வழக்காடி, 1951இல் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். இத்தகையோர்க்கு மது வார்த்தமை மட்டும் குற்றமாகாது என்பது தீர்ப்பு. சட்டசபை சும்மா இருக்குமா? 1955இல் சட்டத்தையே திருத்திற்று. 1959இல் அத்திருத்தம் செல்லாதென நீதிமன்றம் கூறிற்று. இவ்வளவும் நடந்த பின்னரும், 1963இல் அக்கடை லைசென்ஸை இழந்தது.

இத்துணைத் தொல்லை சூழ்ந்த இடத்தை அம்மக்கள் விடாது நாடியது ஏன்? 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் பிறப்பித்த 10450ஆம் கட்டளையைப் படித்தால் காரணம் விளங்கும். சர்க்கார் உத்தியோகத்திற்குத் தகாதார் இன்னின்னார் என்னுமிடத்து, மிதமிஞ்சிய குடி, போதை மருந்துப் பழக்கம், பாலியல் வக்கிரம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து ஒரே தொடரில் நிறுத்தியிருக்கின்றனர். இராணுவத்தின் நிலப்பட நிலையத்தில் வானநூல் வல்லுநராயிருந்த பிராங்க் காமெனி 1957இல் வேலையிழந்தது இத்தகைய கொள்கையினாலேயே. இல்லினாய் ராஜ்யத்தின் புதிய சட்டம் 1962இல் நடைமுறைக்கு வரும் வரையில், நாட்டின் ராஜ்யம் ஒவ்வொன்றிலும் இவர்தம் உறவு தண்டனைக்குரிய குற்றம். ஆபீஸில் மறைக்க வேண்டும். வீட்டில் மறைக்க வேண்டும். மாதாகோயிலிலும் மறைக்க வேண்டும். மறைக்க வேண்டாத இடம் நகருக்கு ஒன்றோ இரண்டோ மதுச்சாலைகள். அங்கே உட்காரும் நாற்காலிக்கு வாடகை கையிலுள்ள கிண்ணம். முற்காலத்தில் நம் தோட்டங்களில், மாலை வேளையில் தொழிலாளி கால்நீட்டி அமரக் கள்ளுக்கடையன்றி வேறிடம் இல்லாதிருந்ததை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1966 ஏப்ரல் 21ஆம் நாள் நியூயார்க்கில் ஒரு விநோதமான போராட்டம் நிகழ்ந்தது. மாட்டஷீன் சங்கத்தைச் சேர்ந்த டிக் லைட்ச், கிரெய்க் ராட்வெல், ஜான் டிம்மன்ஸ் ஆகிய மூவர், கோட்டும் டையும் அணிந்து, பத்திரிகை நிருபர் பின்தொடரக் கடை கடையாக ஏறினர். தாங்கள் தன்பால் விழைவோர் என்றும், ஒழுங்காக நடந்துகொள்வோர் என்றும் அறிவித்து மது கேட்பது, மறுத்தால் வழக்குத் தொடுப்பது என்பது திட்டம். முதற்கடை பூட்டிக் கிடந்தது. அடுத்த இரண்டு கடைகளிலோ யாதொரு தடையுமின்றி ஊற்றிக் கொடுத்துவிட்டனர்! மறுப்பாரைத் தேடி அலைந்த அம்மூவரும் இறுதியில் சென்றது ‘ஜூலியஸ்’ என்னும் கடை. அஃது இவர்தம் இனத்தார் நெடுநாள் வழக்கமாய்க் கூடுமிடம். அண்மையில் போலீஸாரிடம் அகப்பட்டிருந்தபடியால் அஞ்சிக் கிடந்தது. ஊழியன் கிண்ணத்தின்மேல் தன் கையை வைத்து மூடினான். அக்காட்சியைப் புகைப்படக்காரர் பிரெட் மக்டாரா படமெடுத்தார். அத்தகைய தடையுத்தரவு எதுவும் தாம் பிறப்பித்ததில்லை என்று மது அதிகார சபைத் தலைவர் பின்னர் சாதித்தார். அடுத்த ஆண்டில் நியூஜெர்ஸி உச்ச நீதிமன்றம், இவர்கள் கூடுவது ஒன்றையே காரணமாக்கிக் கடைகளைத் தண்டிக்கலாகாது எனத் தீர்த்தது. குடிக்கும் உரிமைக்கு ஒரு போராட்டமா என்று நம் சீர்திருத்த அன்பர்கள் முகஞ்சுளிக்கலாம். அவர்கள் கேட்டது குடியையன்று, கூடுமிடத்தை.

சட்டம் கதவடைத்த இடத்தில் கள்வர் கடை திறந்தனர். 1967 மார்ச்சில் கிறிஸ்டபர் தெருவில் ‘ஸ்டோன்வால்’ மதுச்சாலையைத் தொடங்கியவர்கள் மாபியாக் கூட்டத்தார். லைசென்ஸ் கிடையாது, போலீஸாருக்கு மாமூல் உண்டு. மதுவில் தண்ணீர் கலந்தனர். கிண்ணம் கழுவக் குழாய்த் தண்ணீர் இல்லாதபடியால் தொட்டி நீரில் முக்கியெடுத்து மறுபடியும் நிரப்பினர். வார இறுதியில் நுழைவுக் கட்டணம் 3 டாலர். அதற்கு ஈடாகக் கொடுத்தவை மதுவுக்கான இரண்டு சீட்டுகள். நண்பனைக் காண வேண்டுமாயினும், ஆட வேண்டுமாயினும், இரண்டு கிண்ணத்திற்கு முன்பணம் கட்டியே உள்ளே போக வேண்டும். 1969 ஜூன் 28ஆம் நாள் அதிகாலையில் போலீஸார் அங்குப் புகுந்ததும், ஜனங்கள் எதிர்த்து நின்றதும் உலகறிந்த செய்தி.

1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லிலீன் பைபீல்ட் அம்மையார் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்நகரத்துத் தன்பால் விழைவோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் குடியால் இடருறுவோர் என்பது அவர் கண்ட கணக்கு. பிற்காலத்தார் அதனைப் பலகாலும் எடுத்தாண்டனர். யான் தோட்டத்துக் கிராணி. எக்கணக்கைக் கண்டாலும் எங்கே நின்று எடுத்தது என்று கேட்பது என் தொழில் வழக்கம். அக்கணக்கு மதுச்சாலைக்கு வருவோரைப் பெரிதும் சார்ந்து எடுக்கப்பட்டது. சம்பள நாள் மாலை கள்ளுக்கடை வாயிலில் நின்று தலையெண்ணிவிட்டு, தோட்டத்தார் மூவரில் ஒருவர் குடியர் என்று பதிவேட்டில் எழுதினால் எந்தத் துரை ஒப்புவார்? (ஒப்பும் துரைகளும் உண்டு; அது வேறு கதை.) 1989இல் சிகாகோவில் 3,400 பேரிடம் வினவி வெளியிட்ட ஆராய்ச்சி சற்று நிதானமானது. மிதமிஞ்சிக் குடிப்போர் ஏனையோரினும் மிகுதியாக இல்லை. ஆனால் அறவே குடியாதார் குறைவு, குடியால் தொல்லையுறுவோர் மிகுதி. வயது ஏற ஏறப் பிறர் குடியைக் குறைப்பதுபோல் இவர்கள் குறைக்கவுமில்லை. பிறரைக் கடையினின்று வீட்டிற்கு இழுக்கத் திருமணம், குழந்தை என்னும் கயிறுகள் உண்டு; இவர்க்கு அக்கயிற்றைச் சட்டமே அறுத்துவிட்டது என்பது என் துணிபு.

கூடுமிடம் வேறொன்று தேடியவரும் உளர். நியூயார்க்கின் ஓர் இயக்கத்தார் 1971இல் பழைய தீயணைப்பு நிலையமொன்றை எடுத்து நடனக் கூட்டங்கள் நடத்தினர். 1974 அக்டோபரில் யாரோ தீயிட்டுக் கொளுத்திவிட்டனர். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் குடிமறப்போர் சங்கத்தில், கூட்டத்தின் நடுவே எழுந்து தன் வாழ்வை ஒளியாது உரைப்பதே மருந்து. தன் துணைவன் யார் என்பதை மட்டும் ஒளித்துக்கொண்டு ஒருவன் எவ்வாறு உரைப்பான்? ஆகவே தனிக் கூட்டங்கள் தோன்றின. சங்கத்துள் ஆட்சேபம் எழுந்தது. நீண்ட விவாதத்திற்குப்பின் 1974ஆம் ஆண்டு மாநாட்டில் அவற்றையும் முகவரி ஏட்டில் சேர்க்க இசைந்தனர்.

வியாபாரிகள் இதற்குள் விழித்துக்கொண்டனர். மற்றைய கம்பெனிகள் ஒதுங்கி நிற்க, 1981 முதல் ‘அப்ஸொலூட்’ வோட்கா விளம்பரங்கள் இவர்தம் பத்திரிகைகளில் வரலாயின. விளம்பரம் தந்தோரை நண்பர் என்றே அம்மக்கள் கொண்டாடினர். 1995இல் ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனி, ஸான் பிரான்ஸிஸ்கோவின் தன்பால் விழைவோரையும் வீடற்றோரையும் குறிவைத்துத் தீட்டிய இரகசியத் திட்டத்திற்கு இட்ட பெயரோ ‘ஸ்கம்’. கசடு என்பது அதன் பொருள்.

ஒதுக்கலும், ஒதுக்கப்படுவோம் என்ற அச்சமும், ஓயாத மறைப்பும் உடலையும் மனத்தையும் அரிக்கின்றன என ஐலன் மேயர் என்னும் ஆராய்ச்சியாளர் 1995இலும் 2003இலும் விளக்கினார். அதற்குச் சான்று பின்னர்க் கிடைத்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் பல ராஜ்யங்கள் ஒருபாலார் திருமணத்தைத் தடுத்துத் தம் அரசியற் சட்டங்களைத் திருத்தின. தேசம் முழுதும் 34,653 பேரிடம் 2001–02இலும் 2004–05இலும் எடுத்த கணக்கைக் கொண்டு, மார்க் ஹாட்ஸென்புஹ்லரும் உடனிருந்தோரும் 2010இல் எழுதியது இது: தடை வந்த ராஜ்யங்களில் வாழ்ந்த தன்பால் விழைவோரிடையே குடிநோய் ஏறத்தாழ நூற்றுக்கு 42 பங்கு ஏறியிருந்தது, தடை வராத ராஜ்யங்களில் அவ்வாறு ஏறவில்லை. இரண்டு முறையும் வினவப்பட்டவர் அதே மக்கள். அத்தடைகளை உச்ச நீதிமன்றம் 2015 ஜூனில் நீக்கிற்று.