மூன்று நாடாவில் பிறந்த கரை

2009-ல் இந்திய அஞ்சல் துறை பாரம்பரியத் துணிகளுக்கென்று நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. கலம்காரி, அருணாசலப் பிரதேசத்து அபதானி நெசவு, பனாரஸ் பட்டு, அவற்றோடு நம் காஞ்சிப் பட்டு. அத்தனை சிறிய காகிதத்தில் சரிகையைக் காட்டிவிடலாம். ஆனால் காஞ்சிச் சேலையின் உயிர்நாடி, உடலும் கரையும் சேரும் இடத்தில் இருக்கிறது. அச்சில் அது வெறும் கோடு.

அந்தக் கோடு பிறந்ததற்குக் காரணம் நிறம். சாதாரணத் தறியில் ஒரே ஊடை, அதாவது குறுக்கு இழை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடும். உடலுக்கு மாம்பழ மஞ்சள் ஊடை ஓட்டினால், அரக்குப் பாவு (நெடுக்கு இழை) போட்ட கரைக்குள்ளும் மஞ்சள் புகுந்துவிடும். அரக்கும் இல்லை, மஞ்சளும் இல்லை, இரண்டுங்கெட்டான். கரை சுத்த அரக்காக நிற்க வேண்டுமா, அதற்குத் தனி ஊடை கொடு. ஆக, ஊடையை ஓட்டும் நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் கோர்வை. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமை பேசுவது இதை வைத்துத்தான்.

ஒருவரால் ஆகிற வேலை இல்லை. ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள, கூடவே ஓர் ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்பதும் தபால்தலையில் இல்லை.

கோர்க்கும் இடத்தை நேராக விடாமல், படிப்படியாக உள்ளே தள்ளித் தள்ளித் திரும்பினால் முக்கோணம் எழும். வரிசையாக எழுந்தால் கோபுரக் கரை. கோயில் ஊர்க்காரர்கள் அதில் கோபுரத்தைக் கண்டதில் வியப்பில்லை.

மார்க்கண்டேயர் தாமரை நூலில் தேவர்களுக்கு நெய்தார், அவர் வழி வந்தவர்கள் நாங்கள் என்பார்கள் நெசவாளர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆந்திரத்திலிருந்து வந்தோம் என்றும் சொல்வதுண்டு. எனக்கு அந்த மாம்பழ மஞ்சள் சொல்லும் காரணமே போதும்.

கொரியாவும் தன் பழங்கலையைத் தபால்தலையில் ஏற்றிய நாடுதான். அங்கே 12-ஆம் நூற்றாண்டில், கோரியோ அரசமரபின் காலத்துக் குயவர்கள் ஈர மண்ணைச் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளை மண்ணும் செம்மண்ணும் அப்பி, பச்சை மெருகிட்டுச் சுட்டார்கள். சூளையில் செம்மண் கறுத்துவிடும். மேகத்துக்குள் கொக்குகள் பறக்கும் அந்தச் சாடிகளிலும் சித்திரம் மேலே தீட்டியதல்ல, உடம்போடு சேர்ந்தது. கோர்வைக்குத் தூரத்துச் சொந்தம்.

காஞ்சிக்கே திரும்பினால், ஊருக்கு மேற்கே திருப்புட்குழியில், ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்ததாகத் தலபுராணம். புள்ளின் குழி என்பதால் அந்தப் பெயர். காஞ்சி வட்டாரத்தின் இன்னொரு குழி தறியின் அடியில் இருக்கிறது. நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி. அங்கிருந்து அன்னமும் மயிலும் இருதலைப்பட்சியும் கரையேறியிருக்கின்றன. ஜடாயுவை மட்டும் எந்தச் சேலையிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை பட்டெடுக்கப் போனால் முந்தியை விரித்துக் காட்டும்போதே மயங்கிவிடாதீர்கள். சேலையைத் திருப்பி, உடலும் கரையும் சேருமிடத்தை விரலால் தடவுங்கள். உடல் நிறம் கரைக்குள் கலக்காமல், இழைகள் மாட்டிய தடம் நெருடுகிறதா என்று பாருங்கள்.