செம்பும் அலுமினியமும் சந்திக்கும் இடம்

தடித்த மின்கம்பியின் நுனியில் மாட்டி, தட்டையான மறுமுனையின் துளையில் போல்ட் போட்டு முறுக்கும் உலோகத் துண்டை மின்பணியாளர்கள் ‘லக்’ என்பார்கள். அரிசி ஆலையானாலும் திருமண மண்டபமானாலும், அங்கு வரும் பெரிய சர்வீஸ் இணைப்பு கடைசியில் இந்தத் துண்டில்தான் வந்து முடிகிறது. கம்பியின் பருமனைக் கணக்குப் போட்டு வாங்கியவர்களும் லக்கை மட்டும் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிய காலம் ஒன்று இருந்தது. அது முற்றிலும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் தொழிலின் கதை, செம்புக் கம்பி போய் அலுமினியக் கம்பி வந்த கதையோடு சேர்ந்தே நடக்கிறது.

பள்ளத்தாக்குக்கு மலைக்கு அப்பாலிருந்து தண்ணீர் வந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அந்தத் தண்ணீர் மின்சாரமும் தந்தது. பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிய நீர், லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுழற்றத் தொடங்கியது 1958இல். மாநில மின்வாரியம் அமைந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1965இல் நான்காவது எந்திரமும் சேர்ந்தபோது மின்நிலையத்தின் திறன் 140 மெகாவாட். கூடலூர், கம்பம், அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர் என்று நீளும் வரிசையில், வாய்க்கால் பாயும் வயலுக்கு மேலே இருந்த மேட்டு நிலக் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. பின்னால் திராட்சைப் பந்தல் பெருகியதும் அந்த மேட்டு நிலங்களில்தான்.

செம்புக் கம்பியின் காலத்தில் இணைப்பு என்றால் பற்றவைப்புதான். ஈயம் பூசிய செம்புக் குழலை நிமிர்த்திப் பிடித்து, ப்ளோ லாம்ப்பால் சூடேற்றி, உருகிய பற்றாசை ஊற்றி, அதற்குள் கம்பியின் நுனியை அமிழ்த்துவார்கள். ஆறும்வரை கை அசையக் கூடாது. கை தேர்ந்தவர் செய்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் பற்றாசு ஏறத்தாழ 180 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். கம்பியில் பெரும் பழுது ஏற்பட்டுச் சூடேறினால் முதலில் கைவிடுவது அதுதான். பற்றாசே இல்லாமல் கம்பியைப் பூட்டும் முயற்சி அமெரிக்காவில் முன்பே தொடங்கியிருந்தது. பெர்ன் டிப்னர் 1924இல் நிறுவிய பர்ண்டி நிறுவனம் அதற்காகவே பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் வேகமாக வயரிங் செய்ய வேண்டியிருந்ததால், குழலை நசுக்கிக் கம்பியோடு இறுக்கும் ‘கிரிம்பிங்’ முறை வேரூன்றியது.

இந்தியாவில் முறையை மாற்றவைத்தது உலோகப் பற்றாக்குறை. செம்பில் பெரும்பகுதி இறக்குமதி. அதற்குத் தரவேண்டிய அந்நியச் செலாவணியோ கையில் இல்லை. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் உள்நாட்டிலேயே கிடைத்தது. மூணாறு பக்கத்துப் பள்ளிவாசலில் 1940இல் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தை நம்பி, 1943இல் ஆலுவாயில் அலுமினியம் உருக்கத் தொடங்கினார்கள். மேட்டூரில் மால்கோ ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் தூண்களில் அலுமினியம் ஏறியது. நடுவே எஃகு இழை வைத்த அந்தக் கம்பிகளுக்கு ஆங்கிலேயர் வைத்த விலங்குப் பெயர்கள் ஸ்டோர் பதிவேடுகளில் நிலைத்தன. வீசல், ராபிட், ராக்கூன், டாக் என்று பருமன் கூடக் கூடப் பெயரும் மாறும். கட்டடத்துக்குள் வரும் கேபிளும் அலுமினியமானது.

கணக்கு அலுமினியத்துக்குச் சாதகம். செம்பின் மின்கடத்துதிறனில் 61 விழுக்காடுதான் அதற்கு உண்டு. ஆனாலும் எடை மிகக் குறைவு என்பதால், அதே வேலைக்குச் செம்பின் பாதி எடை அலுமினியம் போதும். வில்லங்கம் நுனியில் காத்திருந்தது. சுரண்டிய நொடியிலேயே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படிந்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் அழுத்தத்தில் உலோகம் மெல்ல மெல்ல வழிந்து கொடுக்கும். இன்று இறுகியிருப்பது நாளை தளரும். ஒரு மீட்டர் நீள அலுமினியம் 100 பாகை சூடு கூடினால் 2.3 மில்லிமீட்டர் நீளும், செம்பு 1.7, போல்ட்டின் எஃகு 1.2. செம்பு லக்கில் அலுமினியக் கம்பியைத் திணித்தால், ஈரம் பட்ட இடத்தில் இரண்டும் மின்கலம் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை சுமார் 20 லட்சம் வீடுகளில் அலுமினிய வயரிங் போட்டு, பின்னர் தீ விபத்துகளைக் கண்டு விழித்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் தாழ்வழுத்த இணைப்பின் உச்ச வரம்பாக இருந்தது 112 கிலோவாட், அதாவது 150 குதிரைத்திறன். அந்தச் சுமைக்கு ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறத்தாழ 173 ஆம்பியர் ஓடும். இணைப்பின் மின்தடை ஒரு ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருந்தால் அங்கே 3 வாட் சூடுதான் உண்டாகும். ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டால் 30 வாட். சிறிய சோல்டரிங் இரும்பு ஒன்றை மீட்டர் பெட்டிக்குள் எந்நேரமும் செருகி வைத்ததற்குச் சமம். பள்ளத்தாக்கின் பாசன மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்து வருவதால், அவற்றின் இணைப்புகள் நாள்தோறும் சூடாகி ஆறுகின்றன. எடுத்ததற்கெல்லாம் கம்பியைக் குறை சொல்வார்கள். கருகிக் கிடப்பது பெரும்பாலும் லக்கோ, தூணின் மேல் கம்பிகளை இணைக்கும் ஜம்பரோதான். தூணில் கம்பியைச் சுற்றி முறுக்கும் பழக்கத்தை ஒழிக்கவே, இரு கம்பிகளையும் பள்ளங்களில் பொருத்தி போல்ட்டால் நெரிக்கும் பி.ஜி. கிளாம்ப் வந்தது.

கேபிளின் நுனிக்குக் கிடைத்த விடை, அலுமினியக் குழல் லக். அதை வரையறுக்கும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 8309. உள்ளே பூசிய பசை ஆக்சைடை விலக்கிக் காற்றை அடைக்கும். ஹைட்ராலிக் கருவியின் அச்சு குழலை நசுக்கும். அச்சின் அளவு தவறினால் மற்றெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. மலிவான கைக்கருவியால் தட்டி நசுக்கியவை முதல் கோடையிலேயே காட்டிக்கொடுக்கும். லக்கை முறுக்கும் பட்டையான பஸ்பார் செம்பாக இருந்தால், குழல் அலுமினியமாகவும் தட்டை செம்பாகவும் ஒட்டவைத்த பைமெட்டல் லக் வேண்டும்.

112 கிலோவாட்டுக்கு, இடத்தின் வெப்பத்தைப் பொறுத்து 95 அல்லது 120 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் போடுவது வழக்கம். 120க்குரிய லக்கில் 95 கம்பியைப் போட்டு, இடைவெளியில் வெட்டிய இழைகளைச் செருகுவது பழைய தந்திரம். அதைச் செய்பவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. லக்கின் மேலேயே எண் பொறித்திருக்கும். 120–12 என்றால், முதல் எண் கம்பியின் சதுர மில்லிமீட்டர், இரண்டாவது போல்ட்டின் விட்டம்.