தலைநகரின் விளக்கும் அதன் எரிபொருளும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் அரண்மனைகளையும் படையெடுப்புகளையும் கொண்டு எழுதுவது மரபு. அந்நகரின் விளக்குகள் எதனால் எரிந்தன என்று வினவியும் எழுதலாம். தில்லியைப் பற்றி இவ்வாறு வினவினால், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கதை வெளிப்படுகின்றது. உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து, இந்நகரின் புகையை நம் மூச்சாகவும் ஏற்றுக்கொண்ட தமிழராகிய நமக்கு அது அயலார் கதையன்று.

1905-ஆம் ஆண்டில் ஜான் பிளெமிங் என்னும் ஆங்கிலக் கம்பெனி, பழைய தில்லியில் டீசல் எண்ணெயால் இயங்கும் சிறு மின்நிலையம் ஒன்றை நிறுவிற்று. 1911-இல் நீராவியால் இயங்கும் நிலையமும் சேர்ந்தது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சுதந்திரத்திற்குப் பின், 1951-இல் தில்லி மாநில மின்வாரியமும், 1958-இல் மாநகராட்சியைச் சார்ந்த மின்வழங்கு நிறுவனமும் தோன்றின.

1963-இல் பக்ரா அணையை நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். சட்லெஜ் நதியின் மின்சாரத்தில் தில்லியும் பங்கு பெற்றது. 1932-இலேயே நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கக் கண்ட தமிழ்நாட்டாருக்கு இது புதுமையன்று. ஆயினும் வளரும் நகரின் பசிக்கு ஆற்று நீர் மட்டும் போதவில்லை. யமுனைக் கரையில் இந்திரப்பிரஸ்த அனல் மின்நிலையம் எழுந்தது. 1973-இல் பதர்ப்பூர் நிலையத்தின் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கிற்று. கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள சுரங்கங்களிலிருந்து இரயில் வண்டிகள் நிலக்கரியைச் சுமந்து வந்தன. ஒளி வீடுகளுக்குச் சென்றது. சாம்பல் நகரிலேயே தங்கிற்று.

உலகச் சந்தையில் எண்ணெய் விலை 1973-இலும் 1979-இலும் ஏறியபோது, அரசாங்கம் வேறு வழியை நாடலாயிற்று. 1981-இல் கூடுதல் எரிசக்தி மூலங்களுக்கென ஓர் ஆணையமும், 1982-இல் மரபுசாரா எரிசக்தித் துறையும் அமைந்தன. 1992-இல் அத்துறை தனி அமைச்சகமாயிற்று. 2006-இல் அதன் பெயர், புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என மாறிற்று. மொழிபெயர்ப்பை நாள்தோறும் தொழிலாகச் செய்யும் நம் போன்றோருக்கு இப்பெயர் மாற்றம் வெறும் சொல் மாற்றமாகத் தோன்றவில்லை. 'மரபுசாரா' என்பது, நிலக்கரியே மரபு, காற்றும் கதிரும் விதிவிலக்கு என்று கொள்ளும் சொல். 'புதுப்பிக்கத்தக்க' என்பதோ, எடுக்க எடுக்கக் குறையாத தன்மையைச் சொல்லும் சொல்.

சொல் மாறு முன்னரே செயல் தொடங்கிவிட்டது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. குஜராத், மகாராஷ்டிரக் கடற்கரைகளிலும் அவ்வாண்டில் காற்றாலைகள் எழுந்தன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று, முப்பந்தலை நாடறிந்த பெயராக்கிற்று.

தில்லிக்குக் கணவாயும் இல்லை, கடலும் இல்லை. இங்கு மாற்றம், மூடுவதில் தொடங்கிற்று. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திரப்பிரஸ்த நிலையம் ஓய்ந்தது. 2015-இல் ராஜ்காட் நிலையம் நின்றது. 2018 அக்டோபர் 15 அன்று, 705 மெகாவாட் ஆற்றல் கொண்ட பதர்ப்பூர் நிலையமும் மூடப்பட்டது. நகருக்குள் நிலக்கரி மின்சாரம் அத்துடன் முடிவுற்றது.

அதனால் தில்லியின் விளக்குகள் நிலக்கரியை விட்டுவிட்டனவா? இல்லை. தாத்ரியிலும் ஜஜ்ஜரிலும் எரியும் நிலக்கரியின் மின்சாரம் கம்பி வழியே வந்துகொண்டுதான் இருந்தது. நம் வீட்டுப் புகைபோக்கியை அடுத்த ஊரில் நட்டு வைப்பது காற்றுக்கு ஓரளவு நன்மை. ஆனால் அடுப்பை மாற்றுவது வேறு காரியம்.

அடுப்பை மாற்றும் முயற்சியாக 2016-இல் தில்லி அரசின் சூரிய சக்திக் கொள்கை வந்தது. பரந்த கூரையுடைய அரசுக் கட்டடங்கள் சூரியத் தகடுகளை அமைத்தல் வேண்டும் என்று அது விதித்தது. 2020-க்குள் 1,000 மெகாவாட் என்பது அதன் குறிக்கோள். 2023-ஆம் ஆண்டிலும் கூரைகளில் அமைந்தது ஏறத்தாழ 250 மெகாவாட்டே.

குறை எங்கே? வெயிலில் இல்லை, கூரையில் இருக்கின்றது. தில்லியில் நான்கு குடும்பங்கள் வாழும் கட்டடத்திற்கு ஒரே கூரை. அது யாருக்கு உரியது என்பதில் பூசல். வாடகைக்கு இருப்போருக்கும், ஓய்வு பெறும் நாளில் அரசுக் குடியிருப்பைக் காலி செய்வோருக்கும் கூரையே கிடையாது. நம்மவரில் எத்தனையோ பேர் இவ்வகையினர். ஆதலின் 2024 மார்ச்சில் வெளியான புதிய கொள்கை, தனிக் கூரை இல்லாதோரும் பொதுவான ஓரிடத்துச் சூரிய மின்சாரத்தில் பங்கு பெறலாம் என வழி வகுத்தது. 2027-க்குள் 4,500 மெகாவாட் என்று இலக்கு குறித்த அக்கொள்கை, அதில் 750 மெகாவாட்டை மட்டுமே தில்லியின் கூரைகளிடம் கேட்டது. எஞ்சியது பிற மாநிலங்களின் வெயிலிலிருந்து வர வேண்டும்.

அதற்கு முன்மாதிரியும் உண்டு. மத்தியப் பிரதேசத்து ரேவாவில் விளையும் சூரிய மின்சாரத்தை 2019 முதல் தில்லி மெட்ரோ பெற்று வருகின்றது. 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பியினால் தென்னாட்டு மின் தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்தது. அன்று முதல் முப்பந்தலும் யமுனைக் கரையும் ஒரே மின் தொகுப்பில் அடங்கின.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. 2024 ஜூன் 19 அன்று தில்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. கோடை இரவுகளிலும் இந்நகரின் குளிர்சாதனங்கள் உறங்குவதில்லை. கதிரவனோ மாலையில் மறைந்துவிடுகின்றான். பகலில் விளைவதை இரவுக்குச் சேமித்து வைக்கும் மின்கலங்களும், காற்று மிகும் மாநிலங்களோடு செய்யும் ஒப்பந்தங்களும் பெருகினாலன்றி, நிலக்கரிக்கு விடை கொடுக்க இயலாது. புகைபோக்கிகளை மூட ஓர் ஆணை போதுமாயிருந்தது. இரவு விளக்கையும் குறையாத எரிபொருளால் ஏற்றுவதற்கு, மாநிலங்கள் பல ஒன்றையொன்று நம்ப வேண்டியிருக்கின்றது. தில்லியின் மின் வரலாற்றில் இனி எழுதப்பட வேண்டிய பகுதி அதுவே.