ஒரே கடலில் இரண்டு உடைகள்

மீன்சுருட்டியின் பெயரில் மீன் உண்டு. ஊரில் கடல் இல்லை. அரியலூர் மாவட்டத்தில் வயல்களுக்கு நடுவே அமைந்த இவ்வூரிலிருந்து நெடுந்தொலைவு கிழக்கே சென்றால்தான் அலையோசை காதில் விழும். ஆயினும் கடலுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. அண்மையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் கோலோச்சிய முதலாம் இராசேந்திரன், 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது கப்பற்படை செலுத்தினான் என்பது வரலாறு. படை சென்ற அந்தக் கடல்வழியில் பிற்காலத்தில் வணிகர்கள் சென்றார்கள். பிழைப்புத் தேடிய தொழிலாளர்கள் சென்றார்கள். இன்றோ பொழுதுபோக்கிற்காகவே மக்கள் கப்பலேறுகிறார்கள். 2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டபோது, கடற்பயணம் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

இத்தகைய கப்பல்கள் பலவற்றில் ‘விருந்துடை இரவு’ என்றொரு வழக்கம் உண்டு. அந்த இரவில் ஆண்கள் கறுப்பு மேலங்கியும் கழுத்தில் முடிச்சும் அணிந்து வரவேண்டும்; பெண்கள் தரையைத் தொடும் நீள் அங்கி அணிந்து வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் மேலை நாடுகளிலும் வாழும் நம் பிள்ளைகள், விடுமுறைக்குக் கப்பலேறும் முன், “இந்த விருந்துக்கு எதை உடுத்துவது?” என்று திகைக்கிறார்கள். இது துணிக்கடையில் தீரக்கூடிய சிறு ஐயமா? அன்று, இக்கேள்விக்குள் ஒரு வரலாறே மடித்து வைக்கப்பட்டுள்ளது. அந்த மடிப்பைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பிறகு, ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்துப் பெருகியது. முதல் வகுப்பில் பயணம் செய்த வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும், இலண்டன் மாளிகைகளில் கடைப்பிடித்த ஒழுங்கைக் கடல்மேலும் கடைப்பிடித்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தால் உடை மாற்றியே தீரவேண்டும். புறப்பட்ட முதல் இரவில் மட்டும் விலக்கு. பெட்டிகளைத் திறக்க அவகாசம் இராதல்லவா! நீண்ட வால் வைத்த மேலங்கிக்கு மாற்றாக, வாலில்லாத குட்டை மேலங்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்தது. 1886இல் நியூயார்க் அருகே டக்சீடோ பார்க் என்னுமிடத்தில் செல்வர்கள் அதை அணியத் தொடங்கியதால் அமெரிக்கர் அதற்கு அவ்வூரின் பெயரையே இட்டனர்.

செங்கடலின் வெக்கை இந்த ஒழுங்கையும் தளர்த்திவிட்டது. அங்கே மேலங்கியைக் கழற்றிவிட்டு, சட்டையின் மீது இடுப்பில் ஒரு பட்டைத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு விருந்துக்கு அமரலாம் என்று ஒரு சலுகை ஏற்பட்டது. ‘செங்கடல் உடை’ என்றே அதற்குப் பெயர். அந்த இடுப்புத் துணியை ஆங்கிலேயர் ‘கமர்பண்ட்’ என்கிறார்கள். அது வேறொன்றுமன்று, கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு என்னும் பாரசீகச் சொல்தான். நம்மவர் இடுப்பில் கண்ட துணியை இரவல் வாங்கித் தம் விருந்துடையாக்கிக்கொண்டார்கள் வெள்ளையர்கள். பிறகு அந்த உடைக்கு முன்னால் நாம் கூசி நின்றோம் என்பதுதான் விந்தை!

அந்தக் கூச்சத்திற்குக் காந்தியடிகளே சான்று. 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறிய பதினெட்டு வயது இளைஞர், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், சாப்பாட்டு மேசைக்குப் போக நாணி, தம் அறையிலேயே கொண்டுவந்த பண்டங்களை உண்டு நாள் கழித்தார். கப்பலில் கறுப்பு உடை அணிந்திருந்தவர், கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளைக் கம்பளி உடை ஒன்றைப் பத்திரப்படுத்தியிருந்தார். இறங்கிப் பார்த்தால், அந்தச் செப்டம்பர் இறுதியில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தாம்! பெட்டியும் சாவியும் கையை விட்டுப் போயிருந்ததால் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அன்றுபட்ட வெட்கத்தைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

எட்டாண்டுகள் கழித்து, 1896இன் இறுதியில், மனைவி மக்களுடன் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். அவர் ஏறிய கூர்லண்ட் என்ற கப்பல் தாதா அப்துல்லா நிறுவனத்துக்கு உரியது. ஒரு முஸ்லிம் வணிகரின் கப்பல். அதிலும் உடைக் கவலை அவரை விடவில்லை. நாகரிகமாகத் தோன்றவேண்டுமே என்று கஸ்தூரிபாவுக்குப் பார்சிப் பாணிச் சேலையும், பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும் ஏற்பாடு செய்தார். பழக்கமில்லாத காலுறையும் காலணியும் அவர்களைப் படுத்தியபாடு கொஞ்சமன்று. இந்திய முதலாளியின் கப்பலிலும் இந்தியர் தம் உடையில் நிம்மதியாக இருக்க இயலவில்லை என்றால், அடிமைத்தனம் துறைமுகத்தில் இல்லை, உள்ளத்தில் இருந்தது என்பது விளங்கவில்லையா?

அந்த உள்ளம் மாறியதும் நம் தமிழ் மண்ணில்தான். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் முழங்கால் அளவு வேட்டியை ஏற்றார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக ராஜ்புதானா கப்பலில் இரண்டாம் வகுப்புப் பயணியாகச் சென்றபோது, அதே கோலத்தில்தான் சென்றார். அதே கோலத்தில் மன்னரின் அரண்மனைக்குள்ளும் நுழைந்தார். 1888இல் உடையைப் பற்றி வெட்கப்பட்டவரும் அவரே. 1931இல் உடையைப் பற்றி உலகையே சிந்திக்க வைத்தவரும் அவரே.

காந்தியடிகள் நீண்ட போராட்டத்துக்குப் பின் எய்திய தெளிவு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோருக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் கப்பல் கரையை அணையாது, தொலைவில் நிற்கும். படகில் சென்று ஏறவேண்டும். மேல் வகுப்பு அறைகளில் இருந்தவர் மிகச் சிலர். தொடக்க நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, வெட்டவெளிக் காற்றில் உறங்கிய அந்த ஆயிரக்கணக்கானோருக்கு விருந்து இரவும் இல்லை, விருந்துடையும் இல்லை.

ஆனால் உடை இல்லாமலில்லை. கைலியும் சட்டையும் தொப்பியும் ஆண்களுக்கு. சேலையும் அதன்மேல் வெள்ளைத் துப்பட்டியும் நம் தாய்மாருக்கு. பினாங்கில் இறங்கும்போது மலாய் மக்கள் இவர்களைப் பார்த்து நகைக்கவில்லை. காரணம் உண்டு: மலாய்க்காரர் அணியும் கட்டம்போட்ட கைலிக்கே ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான்! சோழ மண்டலக் கரையின் தறியில் நெய்யப்பட்டுக் கடல் கடந்த துணி, ஒரு தேசத்தின் அன்றாட உடையாகவே மாறிவிட்டது. கப்பலின் மேல்தளத்தில் அந்நியரின் ஒழுங்கு நடந்தது. கீழே பாய் விரித்துக் கிடந்தவர்களின் உடையோ கரை கடந்து பிறருக்கும் உடையாயிற்று. ரஜூலாவுக்குப் பின் அவ்வழியில் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985 பிப்ரவரித் தீவிபத்தோடு ஓய்ந்தது. அந்தக் கடற்பயணக் காலமும் முடிந்தது.

இன்னொரு கப்பல் பயணம் உண்டு. அதை நினைக்காமல் இவ்வரலாறு நிறைவுறாது. 1995 வரை நம் நாட்டு ஹாஜிகள் பம்பாயிலிருந்து கப்பலில் ஜித்தா சென்றார்கள். தமிழகத்து ஹாஜிகள் இரயிலேறிப் பம்பாய் சேர்ந்து, சாபு சித்தீக் முசாபர்கானாவில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களை நம் பெரியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்கப்பல்களிலும் வகுப்புகள் இருந்தன. முதல் வகுப்பு அறைவாசியும் உண்டு. அடித்தளத்தில் படுத்தவரும் உண்டு. பட்டுத் தலைப்பாகையும் உண்டு. ஒட்டுப்போட்ட சட்டையும் உண்டு.

கப்பல் செங்கடலுக்குள் நுழைந்து, யலம்லம் எல்லைக்கு நேராக வரும் வேளை நெருங்கும்போது அறிவிப்பு எழும். குளித்து, தொழுது, ஒவ்வொருவரும் உடை மாற்றுவார்கள். தைத்த உடைகள் எல்லாம் பெட்டிக்குள் போகும். இடுப்பில் ஒரு வெண்துணி, தோளில் ஒரு வெண்துணி, தலை திறந்திருக்கும், நறுமணமும் கூடாது. பெண்கள் தம் வழக்கமான அடக்கமான உடையிலேயே முகம் மூடாமல் இஹ்ராம் கொள்வார்கள். சற்று முன்வரை மிராசுதாராகவும் கூலித் தொழிலாளியாகவும் பிரிந்திருந்த ஆண்கள், தல்பியா முழங்கும்போது யார் யாரென்று பிரித்தறிய இயலாதவர்களாய் நின்றார்கள். விருந்துடைக் கப்பல்கள் கடந்து சென்றதும் இதே செங்கடலைத்தான்! ஒரு கப்பலில் மனிதர் உடை மாற்றியது தம் உயர்வைக் காட்ட. மற்றொரு கப்பலில் மாற்றியது தம் உயர்வைக் களைய.

இந்த உடையின் கண்ணியத்திற்கு எல்லையே இல்லை. ஹஜ்ஜின்போது ஒட்டகத்திலிருந்து விழுந்து மரித்த ஒரு தோழரை அவருடைய இரு இஹ்ராம் துணிகளிலேயே கஃபனிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் கூறுகிறது. விருந்துக்கு உடுத்திய உடையை எவரும் மறுமைக்குக் கொண்டு செல்வதில்லை. இந்த உடையோ அங்கும் உடன் வருகிறது.

அப்படியானால் அழகாக உடுத்துவது தவறா? இல்லவே இல்லை. தொழுமிடங்களில் அலங்காரத்தை மேற்கொள்ளச் சொல்லும் திருமறை, வீண்விரயத்தைத்தான் விலக்குகிறது. அதே அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் இறையச்சம் என்னும் உடையே மேலானது என்று உணர்த்துகிறது. ஆண்களுக்குப் பட்டும் பொன்னும் ஆகா, மறைக்க வேண்டியது மறைய வேண்டும், பெருமையடிப்பு கூடாது. இந்த எல்லைகளுக்குள் நம்மை அழகுபடுத்திக்கொள்ள எந்தத் தடையுமில்லை. விருந்துடை இரவுகளை இன்றும் விடாது நடத்தும் பெரிய கப்பல் நிறுவனங்கள் சிலவும், பயணிகள் தத்தம் நாட்டு முறைப்படியான உடையில் வருவதை ஏற்கின்றன. தூய ஷெர்வானியும் தொப்பியும் அணிந்த நம் இளைஞரோ, தலைமறைத்துச் சேலை உடுத்திய நம் சகோதரியோ அந்த மேசைமுன் அமர்வதில் கூச என்ன இருக்கிறது?

மீன்சுருட்டிப் பிள்ளையானாலும் நாகூர்ப் பிள்ளையானாலும், கப்பலேறும்போது பெட்டியில் எதை வேண்டுமானாலும் அடுக்கட்டும். ஆனால் பாட்டனார் பாய் விரித்துப் படுத்த டெக்கையும், அவர் வெண்துணி உடுத்தி நின்ற யலம்லத்தையும் நெஞ்சில் அடுக்கிக்கொண்டு புறப்படட்டும். அந்த நினைவு உள்ளவனுக்கு எந்த விருந்திலும் உடை குறையாது. அல்லாஹ் நம் மக்களுக்கு அத்தகைய கண்ணியத்தை நல்குவானாக!