காலனியச் சென்னையில் மாஜிஸ்திரேட்டுகள் மீதான மேற்பார்வை

ஆங்கிலேயர் ஆட்சியில் சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கவும் பொது அமைதியைக் காக்கவும் அதிகாரம் பெற்றிருந்தவர் மாஜிஸ்திரேட் ஆவார். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்தில் நிறுவிய முறை 1802ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் வழியே சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, இவ்வதிகாரம் ஜில்லா நீதிபதியிடம் இருந்தது; வரி வசூலிக்கும் கலெக்டருக்கு அதில் பங்கில்லை. குடிகளுக்குப் பழக்கமான ஆட்சிமுறை ஒரே கையில் அமைந்ததே என்று கருதிய கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816இல் மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீசும் கலெக்டருக்கு மாற்றப்பட்டன. கலெக்டரின் கீழிருந்த தாசில்தார் வரி தண்டுபவராகவும் தாலுகாவின் போலீஸ் தலைவராகவும் ஒருங்கே விளங்கினார். அவர்மீது எழும் புகாரை விசாரிக்க வேண்டியவரோ, அவர் வசூலித்து அனுப்பும் வரிக்கும் பொறுப்பேற்றிருந்த கலெக்டரே.

இந்த ஏற்பாட்டின் கொடுமையை 1855இல் வெளியான சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை அம்பலப்படுத்தியது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே இடுக்கி நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவை வரி வசூலிக்கவும் வாக்குமூலம் பெறவும் பயன்பட்டதை அது பதிவு செய்தது. குழுவின் மூவருள் ஒருவரான எட்வர்ட் எலியட் சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். 1859ஆம் ஆண்டுச் சட்டம் போலீசைத் தனித்துறையாக்கிய பின்னும் தாசில்தார்களின் மாஜிஸ்திரேட் அதிகாரம் நீங்கவில்லை.

1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, அதை நிறுவிய 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கீழ் நீதிமன்றங்கள்மீது மேற்பார்வை அதிகாரம் அளித்தது. அறிக்கைகளை வரவழைக்கவும், வழக்குகளை மாற்றவும், பதிவேடுகளின் படிவங்களை வகுக்கவும் அதனால் இயன்றது. ஆயினும் அன்றாடக் கட்டுப்பாடு எங்கும் ஒன்றாக இல்லை. நகர எல்லைக்குள் இருந்த மயிலாப்பூரின் வழக்குகளை, 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மாகாணத் தலைநகர மாஜிஸ்திரேட்டுகள் விசாரித்தனர். அவர்களுக்கு மேல் கலெக்டர் இல்லை, உயர் நீதிமன்றமே இருந்தது. அடையாற்றின் தென்கரையும், தியாகராய நகர் உருவாவதற்கு முந்தைய மாம்பலமும் செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்திருந்தமையால், அங்கிருந்த சார்நிலை மாஜிஸ்திரேட்டுகள் மாவட்ட மாஜிஸ்திரேட்டான கலெக்டருக்கே அடங்கியிருந்தனர். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அவர் அவர்களுக்கு வேலையைப் பங்கிடலாம், ஆவணங்களை வரவழைத்துப் பார்க்கலாம், வழக்கை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றலாம். ஓர் ஆற்றின் இரு கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு நீதியின் காவல் இவ்வாறு வேறுபட்டிருந்தது பெருங்குறையாகும்.

நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்குமாறு இந்திய தேசிய காங்கிரஸ் 1886 முதல் வற்புறுத்தி வந்தது. அரசியலமைப்பின் 50ஆம் உறுப்பு அப்பிரிவினையை அரசின் கடமைகளுள் ஒன்றாக்கியது. 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், உயர் நீதிமன்றத்துக்கு அடங்கிய நீதித்துறை நடுவரையும் (மாஜிஸ்திரேட்) அரசுக்கு அடங்கிய நிர்வாகத்துறை நடுவரையும் நாட்டின் பெரும்பகுதியில் வேறாக்கியது. பிரிவினை அத்துடன் முழுமை பெறவில்லை. சென்னையில் காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் அளித்த அரசாணைகளை, அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது.