திரைப்படப் பரிசுகளும் முஸ்லிம் கலைஞர்களும்

1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள் பம்பாய் மெட்ரோ அரங்கில் பிலிம்பேர் பரிசுகள் முதன்முறையாக வழங்கப்பட்டன. கிளேர் மென்டோன்சா என்ற திரைப்பட விமர்சகரின் நினைவாக அவற்றைக் 'கிளேர் பரிசுகள்' என்றே அப்போது வழங்கினர். இன்று அப்பரிசுகளின் வகைகள் பெருகிவிட்டன. அன்று இருந்தவை ஐந்தே. சிறந்த படம் 'தோ பீகா ஜமீன்'. சிறந்த இயக்குநர் அதனை எடுத்த பிமல் ராய். சிறந்த நடிகர் 'தாக்' படத்தில் நடித்த திலீப்குமார். சிறந்த நடிகை 'பைஜு பாவ்ரா' படத்தின் மீனாகுமாரி. சிறந்த இசையமைப்பாளர் அதே படத்திற்கு இசை தந்த நௌஷாத்.

ஐந்து பரிசுகளில் மூன்று முஸ்லிம் கலைஞர்களுக்குச் சென்றன. ஆனால் பட்டியலை மட்டும் படிப்பவர் நௌஷாத் ஒருவரையே அவ்வாறு இனங்காண்பார். திலீப்குமாரின் இயற்பெயர் யூசுப் கான். மீனாகுமாரியின் இயற்பெயர் மஹ்ஜபீன் பானு. கலைஞரை மதத்தால் எண்ணுவது நல்ல பழக்கமன்று என்று நேயர்கள் கருதலாம். நானும் அவ்வாறே கருதுகிறேன். எனினும், எண்ணாது விட்டால் கண்ணுக்குப் படாமலே போய்விடும் செய்திகள் சில இப்பட்டியல்களில் இருக்கின்றன. அவற்றை எடுத்துக் காட்டும் அளவிற்கு எண்ணுவதில் பிழையில்லை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். பெஷாவரில் பிறந்த யூசுப் கானுக்குத் திரைப்பெயர் ஒன்று வேண்டும் என்று கூறியவர் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தை நடத்திவந்த தேவிகா ராணி. 1944இல் வந்த 'ஜ்வார் பாட்டா' முதல் அவர் திலீப்குமார் ஆனார். திரைத்தொழிலை அவருடைய தந்தையார் மதித்தவரல்லர் என்பதும் பெயர் மாற்றத்திற்குத் துணை செய்தது. இவ்வழக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது என்று கொள்ளலாகாது. குமுத்லால் கங்குலி என்ற வங்காளி இளைஞர் அசோக்குமார் ஆனதும் அதே பம்பாய் டாக்கீஸில்தான். ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். திரையில் முகம் காட்டியவர்களே பெரும்பாலும் பெயரை மாற்றிக்கொண்டனர். திரைக்குப் பின்னால் நின்ற நௌஷாத், முகம்மது ரபி, மெஹபூப் கான், ஷகீல் பதாயூனி ஆகியோரிடம் யாரும் வேறு பெயர் கேட்டதாகத் தெரியவில்லை. குரலுக்கும் எழுத்துக்கும் வேண்டாத மாற்றுப்பெயர் முகத்திற்கு வேண்டியிருந்தது.

இவ்வழக்கத்திற்கு இணங்காதவரும் இருந்தனர். செங்கற்பட்டில் பிறந்து, தென்னாட்டுப் படங்களில் ஆடிப் பழகி, பம்பாய் சென்ற வஹீதா ரஹ்மானிடம் 1956இல் வெளிவந்த 'சி.ஐ.டி.' படத்திற்காகப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பெயர் நீளமாக இருக்கிறது, பெரிய நடிகர் நடிகையரெல்லாம் மாற்றிக்கொண்டவர்கள்தாமே என்று காரணம் கூறினார்கள். இளம்பெண்ணான அவர் மறுத்துவிட்டார். அந்தப் பெயராலேயே 'கைடு' படத்திற்கும் 'நீல் கமல்' படத்திற்கும் பிலிம்பேர் பரிசும், 'ரேஷ்மா ஔர் ஷேரா' படத்திற்குத் தேசிய விருதும் பெற்றார். 2021ஆம் ஆண்டிற்குரிய தாதாசாகேப் பால்கே விருதையும் 2023 அக்டோபரில் புதுதில்லியில் அதே பெயரால் பெற்றுக்கொண்டார்.

திலீப்குமார் எட்டு முறை சிறந்த நடிகருக்கான பிலிம்பேர் பரிசைப் பெற்றவர். அவற்றுள் ஒன்று கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் 'ஆசாத்' படத்திற்காகக் கிடைத்தது. நம் 'மலைக்கள்ளன்' கதைதான் அது. மீனாகுமாரியின் சாதனை வேறு வகையானது. 1963இல் சிறந்த நடிகைக்கான போட்டியில் முன்மொழியப்பட்ட மூன்று படங்களும் அவர் நடித்தவையே. 'களத்தூர் கண்ணம்மா'வின் இந்தி வடிவமான 'மை(ன்) சுப் ரஹூங்கி' அம்மூன்றில் ஒன்று. பரிசு 'சாஹிப் பீபி ஔர் குலாம்' படத்திற்குக் கிடைத்தது.

'பைஜு பாவ்ரா'வுக்கு மீண்டும் வருவோம். அக்பர் காலத்துப் பாடகர் ஒருவரின் கதை அது. ஹரியின் காட்சிக்காக உள்ளம் தவிப்பதைப் பாடும் பக்திப் பாடல் ஒன்று அதில் உண்டு. நாம் ஹிந்தோளம் என வழங்கும் மால்கௌன்ஸ் ராகத்தில் அமைந்தது. இயற்றியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் முகம்மது ரபி. நாடெங்கும் கோயில் விழாக்களில் ஒலித்த இப்பாடலை உருவாக்கிய மூவரில் அன்று மேடை ஏறியவர் ஒருவரே. ஏனைய இருவரையும் எவரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. கவிஞருக்கும் பாடகருக்கும் அப்போது பரிசே கிடையாது; அவ்வகைகள் 1959இல்தான் சேர்க்கப்பட்டன. அதன் பின்னர் ஷகீல் 1961, 1962, 1963 என மூன்றாண்டுகள் தொடர்ந்து பரிசு பெற்றார். ரபியின் முதற் பரிசும் 1961இல் வந்தது. யார் சிறந்தவர் என்பதைப் போலவே, எந்த வேலைக்குப் பரிசு உண்டு என்பதும் ஒரு தீர்ப்பு. இந்தித் திரைப்படத்தின் பாட்டும் வசனமும் பெரிதும் உருதுவில் தேர்ந்த புலவர்கள் கையில் இருந்த காலம் அது. அவ்வேலைகளுக்குப் பரிசு தாமதித்தபோது, அப்புலவர்களுக்கு உரிய மதிப்பும் உடன் தாமதித்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே மற்றொன்றும் தோன்றுகிறது. 1960இல் வெளிவந்த கே. ஆசிபின் 'முகல்-ஏ-ஆஸம்' படத்தின் உயிர் அதன் உருது வசனத்தில் இருக்கிறது. 'அக்பர்' என்ற பெயரில் அதனைத் தமிழ் பேச வைத்தபோது படம் இங்கு எடுபடாமற் போனதற்கு, அவ்வசனத்தின் மிடுக்கை வேறு மொழியில் கொண்டுவருதல் அரிது என்பதும் ஒரு காரணம் என்பேன். அப்படத்திற்கு அரசாங்கம் அளித்த வெள்ளிப் பதக்கத்தின் தலைப்பு 'சிறந்த இந்திப் படம்' என்பது! பிலிம்பேர் அவ்வாறு மொழியைப் பெயரிட்டுக் கூறாமல் சிறந்த வசனத்திற்கான பரிசை அமான், கமால் அம்ரோஹி, வஜாஹத் மிர்சா, எஹ்சான் ரிஸ்வி ஆகிய நால்வருக்கும் சேர்த்து வழங்கியது. சிறந்த படத்திற்கான பரிசும் அதற்கே கிடைத்தது. ஆனால் இயக்கிய ஆசிபுக்கும், இசை தந்த நௌஷாதுக்கும், அனார்கலியாக நடித்த மதுபாலாவுக்கும் அவ்வாண்டு பரிசு இல்லை. மும்தாஜ் ஜெஹான் என்ற இயற்பெயர் கொண்ட மதுபாலா தம் வாழ்நாளில் ஒரு பிலிம்பேர் பரிசும் பெற்றதில்லை. நௌஷாதோ 1954இல் பெற்றதற்குப் பின் போட்டியில் மறுமுறை வென்றாரில்லை. 1981ஆம் ஆண்டிற்குரிய பால்கே விருதே அக்குறையைத் தீர்த்தது.

உருது எழுத்தாளரின் உழைப்புக்கு நேர்முகமான மதிப்பு கிடைத்த சந்தர்ப்பமும் உண்டு. நாட்டுப் பிரிவினைக்குப் பின் ஆக்ராவிலேயே தங்கிவிடும் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கதையை மைசூர்க்காரரான எம்.எஸ். சத்யு 'கரம் ஹவா' என்ற படமாக்கினார். தேசிய ஒருமைப்பாட்டிற்கான விருதை அது பெற்றது. 1975இல் கதை, திரைக்கதை, வசனம் ஆகிய மூன்றுக்குமான பிலிம்பேர் பரிசுகளும் அதற்கே சென்றன. இஸ்மத் சுக்தாய், கைபி ஆஜ்மி, ஷமா ஜைதி ஆகிய மூவர் பெயரும் அவ்வாறு பட்டியலில் ஏறின. ஒருமைப்பாட்டிற்கான அவ்விருதுக்குப் பிற்காலத்தில் நர்கிஸ் தத்தின் பெயர் சூட்டப்பட்டது. 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த நடிகைக்கான முதல் விருதைப் பெற்றவர் அவரே. 2024இல் விருது விதிகள் திருத்தப்பட்டபோது அப்பெயர் நீக்கப்பட்டது. முதற்படத்திற்கான விருதிலிருந்து இந்திரா காந்தியின் பெயரும் உடன் நீக்கப்பட்டது.

பரிசு எட்டாமலே போன ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நௌஷாதுக்குப் பல ஆண்டுகள் துணையாக இருந்த குலாம் முகம்மது தாமே இசையமைத்த படங்களுள் 1954இல் வந்த 'மிர்சா காலிப்' தலைசிறந்தது. சொராப் மோடி எடுத்த அப்படம் ஜனாதிபதி தங்கப் பதக்கம் பெற்றது. உருதுக் கவிஞர் ஒருவரின் வாழ்க்கை நாட்டின் உயர்ந்த திரைப்பட விருதைப் பெற்றதில் வியப்பும் உண்டு, துயரமும் உண்டு. கதை எழுதிய சாதத் ஹசன் மண்ட்டோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே லாகூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். 1955 ஜனவரியில் அங்கேயே காலமானார்.

குலாம் முகம்மது அதன்பின் கமால் அம்ரோஹியின் 'பாகீஸா'வுக்கு இசையமைத்தார். படம் முடிவதற்கு ஆண்டுகள் பல ஆயின. 1968இல் அவர் இறந்தார். எஞ்சிய பின்னணி இசையை நௌஷாத் அமைத்தார். 1972 பிப்ரவரியில் படம் வெளிவந்தது. மார்ச்சு 31இல் மீனாகுமாரியும் மறைந்தார். பாடல்கள் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரவின. ஆனால் அடுத்த ஆண்டு பிலிம்பேர் இசைப் பரிசு 'பேஈமான்' படத்திற்காகச் சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையருக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் திறத்தை யாரும் குறை கூறவியலாது. எனினும் அவ்வாண்டின் இசை 'பாகீஸா'வின் இசையே என்பது பலர் கருத்து. அக்கருத்துடையவர்களுள் ஒருவர் நடிகர் பிரான். அதே 'பேஈமான்' படத்தில் நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகர் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. இசைப் பரிசு குலாம் முகம்மதுக்கே உரியது என்று கூறி, தம்முடைய பரிசை அவர் ஏற்க மறுத்துவிட்டார். இறந்து ஐந்தாண்டு ஆன ஓர் இசைஞருக்காக, தம் படத்துக்கே வந்த புகழைத் துறந்து, அவர் இவ்வாறு செய்தார்.

'பாகீஸா'வுக்கு அவ்வாண்டு கிடைத்த பிலிம்பேர் பரிசு ஒன்றே. அது கலை அமைப்புக்காக என்.பி. குல்கர்ணிக்கு வழங்கப்பட்டது.